இறுக்குவதற்கும் ஓர் அளவு உண்டு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது ஒரு கார் எஞ்சினைப் பற்றி. "இவளுக்கு மரை கழண்டு போச்சோ" என்று யாராவது நினைத்தால் அதுவும் பொருத்தம்தான். பேசப்போவது கழன்ற மரையைப் பற்றியே.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வொக்ஸ்வாகன் பீற்றில் நின்றது. அதற்கு றேடியேற்றர் கிடையாது. விசிறி அடிக்கும் காற்றிலேயே எஞ்சின் குளிரும். 1990 இல், எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, பொருளாதாரத் தடையோடு பெற்றோல் வருவது நின்றது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தை இங்குள்ள அக்காமார் மறந்திருக்க மாட்டீர்கள். சிறிது பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பாவும் அப்படித்தான் ஓட்டினார். அவர் வேலை செய்யும்போது ஜாம் போத்தல் விளக்குப் பிடிப்பது என் பொறுப்பு. அண்ணா இல்லாத வீடு. ஆகையால் ஸ்பனரும் என் கைக்கு வந்தது.

அந்த எஞ்சினில் புகை வெளியேறும் வாசல்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டாக எட்டு ஸ்ரட்டுகள் சைலென்சரையும் குழாய்களையும் பிடித்திருக்கும். ஸ்ரட் உருக்கு, அது பூட்டியிருக்கும் ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் உருக்கைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஓடி ஓடிச் சூடாகி ஆறும்போது மென்மையான அலுமினிய மரை தேயும். நட்டோ ஸ்ரட்டோடு துருவேறிப் பிடித்துவிடும். பலாத்காரமாகத் திருப்பினால் ஸ்ரட்டும் சேர்ந்து சுழன்று மரையை அரித்துக்கொண்டு வரும். பிறகு புகை கசியும். பீற்றிலில் அந்தப் புகை உள்ளே வரவும் கூடும். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை என்பதை வைத்தியராகச் சொல்லிவைக்கிறேன்.

1995 ஒக்ரோபரில் ஒருநாள், கசிவை நிறுத்துகிறேன் என்று அப்பா இல்லாத நேரம் நானே நட்டை இறுக்கினேன். போதாது என்று ஸ்பனரில் ஒரு குழாயைச் செருகி உன்னினேன். முதலில் இறுகியது. பிறகு திடீரென்று கை இலேசானது. மரை போய்விட்டது. அப்பா ஏசவில்லை. "பிள்ளை, காணும் எண்டு நட்டு கைக்குச் சொல்லும். அதுக்குப் பிறகு திருப்பக்கூடாது" என்றார். திருத்துவதற்காக எஞ்சினை இறக்கித் தரையில் வைத்தார்.

ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே இடம்பெயர்ந்தது. எங்கள் எஞ்சின் தரையில் கிடந்தது. அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனோம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, சன நெரிசலில் சைக்கிள் சரிந்து அவ விழுந்தா. இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவ எழும்பி நடக்கவே இல்லை. கார் இருந்திருந்தாலும் அந்தச் சனத்துக்குள் அது நகர்ந்திருக்குமா என்று அப்பா பிறகு பலமுறை சொன்னார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ரயர்கள் இல்லை, பற்றரி இல்லை. எஞ்சின் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து புது ஸ்ரட்டுகள் எடுப்பித்தோம். நான் அப்போது மருத்துவ மாணவி. லேத் பட்டறை ஐயா ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர, என் கையாலேயே திருத்தினேன்.

செய்முறை இதுதான். பழைய மரை 8 மில்லிமீற்றர். அந்தத் துளையை 8.5 அளவுத் துளையூசியால் நேராகப் பெருப்பிக்க வேண்டும். ஆழம் தப்பாமலிருக்கத் துளையூசியில் அடையாளத்துக்கு ஒரு ரேப் சுற்றினோம். பிறகு 10 மில்லிமீற்றர் மரை வெட்டவேண்டும்: அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, துகளைத் துடைத்துத் துடைத்து. அலுமினியம் வெட்டும்போது விடுவதற்கு உகந்த எண்ணெய் எது தெரியுமா? மண்ணெண்ணெய். அதன்பின் ஒரு முனை 10, மறுமுனை 8 ஆக உள்ள படி ஸ்ரட்டைப் பூட்டி, புதுக் காஸ்கற் வைத்து, இரண்டு நட்டுகளையும் மாறி மாறி, ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர் மட்டும் இறுக்கவேண்டும். குழாய் செருகத் தேவையே இல்லை.

இன்று நான் என்புமுறிவு விடுதியில் வேலை செய்கிறேன். வயதான அம்மாமாரின் எலும்பு அலுமினியத்தைவிட மென்மை. திருகாணியைச் சற்றுக் கூட இறுக்கினால் அதே இலேசு கைக்குத் தெரியும். 3.5 மில்லிமீற்றர்த் திருகாணி பிடிக்காவிட்டால், ஆழமான மரையுள்ள 4 மில்லிமீற்றர்த் திருகாணியை அதே துளையில் போடுவோம். படி ஸ்ரட்டின் கணக்குத்தான். ஒவ்வொரு முறையும் எனக்கு அப்பம்மாவின் நினைவு வரும். கை தானாக நிதானமாகும்.

இந்தப் பாடசாலை எனக்குப் பௌதிகம் கற்பித்தது. விரிவுக் குணகத்தைக் கரும்பலகையில் படித்தேன். ஆனால் அது கையில் எப்படியிருக்கும் என்பதை ஒரு எஞ்சினைப் பழுதாக்கித்தான் அறிந்தேன். 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை உண்டு. அதைப் படிக்கிற பிள்ளையும் சரி, கலை படிக்கிற பிள்ளையும் சரி, ஒரு நட்டை அளவாக இறுக்கப் பழகித்தான் இங்கிருந்து போகவேண்டும். பிழை விடுவதற்கும் இந்த வளவுதான் நல்ல இடம்.

அப்பா இப்போது இல்லை. அவருடைய கருவிப்பெட்டியையும் அந்த எஞ்சினையும் அதிபரிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் வருவேன். வெளிநாட்டிலிருக்கும் தோழிகளே, அடுத்த முறை பரிசுக் கிண்ணங்களுக்குப் பதிலாக நல்ல ஸ்பனர் செற் ஒன்று கொண்டுவாருங்கள். எட்டு ஸ்ரட்டுகளில் இரண்டை மட்டுமே நான் மாற்றினேன். மீதி ஆறும் தங்கைமாருக்காகக் காத்திருக்கின்றன.