கல்வி எவர்க்கு?



பள்ளி எதற்கு? அறிவு பெறுதற்கு என்பர் பெற்றோர். இன்றைய பள்ளியமைப்புக்கு அடிக்கல் நாட்டியோரின் நோக்கமோ அஃதன்று. குருதியால் இந்தியராயும் சுவையாலும் கருத்தாலும் ஆங்கிலேயராயும் விளங்கும் ஒரு வகுப்பாரை உருவாக்குதலே வேண்டுவது என்று 1835-இல் மெக்காலே வெளிப்படையாகவே எழுதினார். ஆங்கிலக் கல்வி பெற்றார்க்கே அரசுப் பணியில் முன்னுரிமை என்று 1844-இல் தலைமை ஆளுநர் ஆர்டிங்கு ஆணையிட்டார். அன்றே கல்வி வயிற்றோடு பிணைக்கப்பட்டது. தாய்மொழி வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

அதற்கு முன் இங்குக் கல்வியே இல்லையோ? ஆளுநர் மன்றோ 1822-இல் தொடங்கி 1826-இல் முடித்த கணக்கில், சென்னை ஆட்சிப் பகுதியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை தெரிகின்றது. திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதியும் ஓலையில் கீறியும் பிள்ளைகள் தமிழிலேயே பயின்றனர். எனினும் பெண்களுக்கு அத்திண்ணை பெரும்பாலும் எட்டவில்லை. ஆகவே பழந்திண்ணைக்கு மீளுதல் தீர்வன்று. வாயில் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். பயிற்றுமொழி தமிழாதல் வேண்டும்.

தன் ஊர் ஏரியின் மதகு, மடை, கலிங்கு ஆகியவற்றின் பெயரறியாது, அயல்நாட்டு ஆற்றின் நீளத்தை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளை கற்ற பிள்ளையாமோ? மதிப்பெண் உண்டு, மண்ணறிவு எங்கே?

2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. நன்றே! ஆயினும் அது தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்றேயன்றி, ஏனைப் பாடங்களைப் பயிற்றும் மொழியாக்கவில்லை. அறிவியலும் கணக்கும் தமிழில் கற்பிக்கப்படாதவரை, மெக்காலே வகுத்த நோக்கமே பள்ளிதோறும் நிறைவேறிவரும்.

தமிழ்வழிப் பள்ளியில் தம் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரே அந்நோக்கத்தை முறியடிப்பர். மேடை முழக்கம் அதன் பின்னரே!