பாடி வாங்கும் கணக்கு

களையெடுக்கப் புறப்பட்டவர்கள், மில் வேனுக்காக ரோட்டோரம் நிற்பவர்கள், அடுப்படியில் வானொலியை வைத்துக் கேட்பவர்கள், உங்கள் எல்லோரிடமும் இன்றைக்குப் பாடியைப் பற்றிப் பேசப் போகிறேன். பிரா என்றும் சொல்கிறோம். பக்கத்தில் அண்ணனோ மாமனாரோ இருக்கிறார் என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். பல வீடுகளில் துணிக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது அவர்கள்தான். அவர்களும் கேட்கட்டும்.

திண்டுக்கல் பக்கம் கன்னிவாடியிலும் ரெட்டியார்சத்திரத்திலும் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் நாம் எவ்வளவு பேசுகிறோம்! அளவு ஜாக்கெட் கொண்டுபோகிறோம். கழுத்து இன்னும் அரை இஞ்ச் இறங்கட்டும், கை கொஞ்சம் நீளட்டும், போன தடவை அக்குளில் பிடித்தது என்று டைலர் அக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். அதே நாம் பாடி வாங்கும்போது, கடையில் வேறு ஆள் வருவதற்குள் "36 ஒண்ணு குடுங்க" என்று மெல்லச் சொல்லி, காகிதத்தில் சுற்றித் தந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த 36 எங்கிருந்து வந்தது? அம்மா வாங்கியது, அல்லது கல்யாணத்துக்கு முன்னால் யாரோ சொன்னது. நம் உடம்பை அளந்து யாரும் சொன்னதில்லை.

இந்த அவசரத்துக்கு விலை கொடுப்பது உடம்பு. நாள் முழுக்கக் குனிந்து வெங்காயம் அறுக்கிறவர்களும், மில்லில் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே வேலை பார்ப்பவர்களும் சாயந்திரம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதைப் பார்த்திருக்கிறோம். எல்லாத் தோள்வலிக்கும் பாடி காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோளில் நாடா பதிந்து பள்ளம் விழுந்திருந்தால் அது அளவு தப்பியதன் அடையாளம். மார்பில் தசை கிடையாது. தோலும் மெல்லிய இழைகளும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. பாடி போடும்போது அந்தக் கனத்தில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது மார்புக்கு அடியில் சுற்றிவரும் பட்டை. பட்டை தொளதொளவென்று இருந்தால் முதுகுப்பக்கம் மேலே ஏறிவிடும். அப்புறம் மொத்தக் கனமும் தோள் நாடாவில் தொங்கும். நாடாவை எவ்வளவு இழுத்துச் சுருக்கினாலும் அது தீராது.

சரி, அளப்போம். ஒரு இஞ்ச் டேப் போதும். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, பிறகு ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, மார்புக்கு நேர் கீழே விலாவைச் சுற்றி இறுக்கமாக ஒரு அளவு. அடுத்து, மார்பின் எடுப்பான இடத்தில் இறுக்காமல் ஒரு அளவு. டேப் முதுகில் சரியாமல் நேராக இருக்கிறதா என்று தங்கச்சியோ மகளோ பார்த்துச் சொன்னால் நல்லது.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பிராண்டுகளுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கீழ் அளவு இரட்டைப்படையாக வந்தால் 4 கூட்டுங்கள், ஒற்றைப்படையாக வந்தால் 5. உங்களுக்குக் கீழே 29 என்று வைத்துக்கொள்வோம். 5 கூட்டினால் 34. அதுதான் பட்டையின் சைஸ். மேல் அளவு 36 என்றால், 36-க்கும் 34-க்கும் வித்தியாசம் 2. வித்தியாசம் 1 வந்தால் ஏ, 2 வந்தால் பி, 3 சி, 4 டி. ஆக உங்கள் சைஸ் 34 பி. இப்போது வரும் சில புது பிராண்டுகள் இப்படிக் கூட்டுவதில்லை. அதனால் அட்டைப்பெட்டியின் பின்னால் இருக்கும் அளவு அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஏ, பி, சி என்ற இந்த எழுத்துகள் 1930-களில் அமெரிக்காவில் எஸ்.எச். கேம்ப் என்ற கம்பெனி கொண்டுவந்தவை. உலகம் முழுவதும் பரவி இத்தனை காலம் ஆகியும் நம் சிறு கடைகளில் பல, எண்ணை மட்டும்தான் கேட்கின்றன. எழுத்தைக் கேட்பதில்லை. பெண்கள் தவறான அளவு வாங்குவதற்கு முக்கியக் காரணமே இதுதான் என்பேன். 34 பி போட்டிருக்கும் ஒருவருக்கு மேலே சதை பிதுங்குகிறது என்றால், உடனே 36 கேட்கிறார். பிதுங்கல் நிற்கிறது, ஆனால் பட்டை தளர்ந்துவிடுகிறது. அவருக்கு வேண்டியது 34 சி. கப்பின் கொள்ளளவு 36 பியும் 34 சியும் ஒன்றேதான், பட்டைதான் வேறு. பட்டை பிடிக்கிறது, கப் சரி என்றால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டு, பட்டையை ஒரு சைஸ் கூட்டி எழுத்தை ஒன்று குறைத்துக் கேளுங்கள்.

கடைக்குப் போகும்முன் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "34 சி, காட்டன், அகலப் பட்டை." வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டினால் போதும். 1939-ல் எம்.ஜி. நாயுடு சென்னையில் தொடங்கிய நாயுடு ஹால் உள்ளாடைக்கென்றே தமிழ்நாடு முழுக்கப் பெயரெடுத்தது. சென்னைக்குப் போகிறவர்களிடம் சைஸ் எழுதிக் கொடுத்து வாங்கிவரச் சொன்ன பெண்கள் நம் அம்மா, பாட்டி தலைமுறையிலேயே உண்டு. சீட்டு எழுதுவது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. திண்டுக்கல் கடைவீதியில் பெண்கள் எடுத்துக் கொடுக்கும் கடைகளும், போட்டுப் பார்க்க அறை உள்ள கடைகளும் இருக்கின்றன. பஸ் ஏறிப் போனாலும் தகும். போட்டுப் பார்க்க வசதி இல்லாத கடையென்றால் முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டு, வீட்டில் மெல்லிய சிம்மீஸுக்கு மேல் போட்டுப் பாருங்கள். அட்டையைக் கிழிக்க வேண்டாம்.

புதுசைப் போடும்போது கடைசிக் கொக்கியில், அதாவது ஆகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பாருங்கள். அதிலேயே சரியாக நிற்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும். அப்போது உள்வரிசைக் கொக்கிகளுக்குப் போகலாம். அதற்காகத்தான் இரண்டு மூன்று வரிசை வைத்திருக்கிறார்கள். முதல் நாளே உள்வரிசையில் மாட்டினால்தான் நிற்கிறது என்றால் அது உங்களுக்குப் பெரிது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், நாடாவுக்கு அடியில் ஒரு விரல். கையைத் தூக்கிப் பாருங்கள், களை பிடுங்குவதுபோல் குனிந்து பாருங்கள். பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கப்பில் சுருக்கம் விழுந்தால் எழுத்தைக் குறைக்க வேண்டும்.

வெயிலில் வேலை செய்கிறவர்கள் காட்டன் எடுங்கள். திண்டுக்கல் மாவட்டத்து மில்களில் நூற்கும் பருத்தி நூல் திருப்பூருக்குப் போய்ப் பின்னலாடையாகிறது. வியர்வையை உறிஞ்சுவதில் பருத்திக்கு நைலான் ஈடாகாது. மார்பு கனமானவர்கள் மூன்று கொக்கி வைத்த அகலப் பட்டையும் அகல நாடாவும் பார்த்து எடுங்கள்.

நல்ல பாடியாக வாங்கியும் சீக்கிரம் வீணாக்குவது எங்கே என்றால், துவைக்கிற கல்லில். சேலையைப் போல அடித்துத் துவைத்து முறுக்கிப் பிழிந்தால் எலாஸ்டிக் இழை அறுந்துவிடும். பச்சைத் தண்ணீரில் சோப்பு நுரையில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, கையால் அமுக்கி எடுத்தாலே அழுக்கு போகும். சுடுதண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் எலாஸ்டிக்குக் கெடுதல். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்புப் படிவு துணியிலேயே தங்கி விறைத்துப் போகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு சொம்பு ஒதுக்குங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பழையதைப் போடுங்கள், ஏனென்றால் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறித் தளர்ந்துவிடும். வாஷிங் மெஷினில் போடுவதானால் கொக்கியை மாட்டி, வலைப்பைக்குள் வைத்துப் போடுங்கள். குறைந்தது மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால், நீண்ட எலாஸ்டிக் பழையபடி சுருங்க ஒரு நாள் கிடைக்கும்.

அடுத்து, காயப்போடுவது. இதை நான் மனம் வருந்தித்தான் சொல்கிறேன். எத்தனையோ வீடுகளில் பாடியைக் கொடியில் தனியாகப் போட அனுமதியில்லை. பாவாடைக்கு அடியிலோ துண்டுக்கு உள்ளேயோ மறைத்துப் போடுகிறோம். இல்லையென்றால் இருட்டறையில் கதவுக்குப் பின்னால். அது காய்வதே இல்லை. ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொண்டு வியர்வையில் வேலைக்குப் போனால், மார்புக்கு அடி மடிப்பில் அரிப்பும் செந்தடிப்பும் வருகிறது. பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று அது. வெட்கப்பட்டு டாக்டரிடம் காட்டாமல், மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் போடுகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருந்தால் இரண்டு நாள் அடங்கி, பிறகு இரண்டு மடங்காகப் பரவும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதற்கு வைத்தியம் இருக்கிறது. கொடியில் காற்றோட்டமான நிழலில் வெளிப்படையாகப் போடுங்கள். உச்சி வெயில் எலாஸ்டிக்கைக் கெடுக்கும், காலை வெயில் கொஞ்ச நேரம் படலாம். நாடாவில் தொங்கவிடாமல் நடுப்பகுதியைக் கொடியில் போட்டால் ஈரக் கனத்தில் நாடா நீளாது. ஆம்பளை பனியன் காய்கிற கொடியில் இதுவும் காயலாம். வீட்டுப் பெரியவர்கள் இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மருமகள்களுக்கும் பேத்திகளுக்கும் பெரிய உதவி.

பாடி போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று ஒரு பேச்சு செல்போனில் சுற்றுகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதை ஆராய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டது. எந்த வயதில் போட ஆரம்பித்தார்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி வைத்ததா என்று எல்லாம் கேட்டார்கள். எதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் கசிவோ தென்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மார்பின் அசைவையும் பிராவையும் பல ஆண்டுகளாக ஆராயும் ஒரு குழு இருக்கிறது. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை, பக்கவாட்டிலும் சேர்ந்து எட்டுப் போட்டதுபோல் அசைகிறது என்று அளந்து காட்டினார்கள். வயதுக்கு வந்த பிறகு கபடியும் ஓட்டமும் வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு வலியும், யாராவது பார்ப்பார்களே என்ற கவலையும்தான். விளையாடும் பிள்ளைக்கு இறுக்கிப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்கிக் கொடுங்கள். மற்ற நாளுக்கு மெல்லிய காட்டன் போதும். வளர்கிற வயதில் அளவு மாறிக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள். கர்ப்பம், பால் கொடுக்கும் காலம், எடை ஏறி இறங்குவது, மாதவிடாய் நிற்பது, எல்லாவற்றிலும் பெரியவர்களுக்கும் அளவு மாறும். உள்வரிசைக் கொக்கியில் மாட்டியும் பட்டை முதுகில் ஏறினால் அந்தப் பாடியின் காலம் முடிந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிளம்பும் முன்னால், மகளுக்கு அளக்கும் டேப்பால் உங்களுக்கும் ஒரு தடவை அளந்து இரண்டு பேர் சைஸையும் ஒரே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.