நடிப்பு என்று சொல்லுமுன்
(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இக்கல்லூரியிலிருந்து வைத்தியத் துறைக்குப் போன எங்கள் எல்லோர் சார்பிலும் பேசும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். வைத்தியர் என்றால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று சில தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். தாமல்லாத ஒருவராகத் தம்மைக் காட்டிக்கொள்வதைக் குறிக்கும் சொற்கள் அவை. அவற்றில் ஒன்றைப் பிழையான இடத்தில் சொல்லிவிட்டால் ஒரு பிள்ளையின் சிகிச்சையே பின்போய்விடும் என்பதை நாம் நோயாளர் விடுதிகளில் காண்கிறோம்.

முதலில் நல்ல சொற்களைப் பார்ப்போம். சிறுவயதில் நாம் எல்லோரும் 'ரீச்சர் விளையாட்டு' விளையாடியவர்கள்தாம். பூவரசங்கம்பு பிரம்பாயிற்று, சிரட்டையில் மண்சோறு வெந்தது. அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. பிறகு தமிழ்த்தினப் போட்டி வந்தது. பெண்கள் பாடசாலை என்றபடியால் அரசனும் நாமே, அமைச்சனும் நாமே. மீசை ஒட்டி, வேட்டி கட்டி, குரலைத் தடிப்பாக்கி நின்றோம். 'என்ன மாதிரி நடிச்சவள்!' என்று ஊர் மெச்சியது. வேடம் என்பது ஆடுபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். அதனால் அங்கே ஏமாற்று இல்லை.

மேடையை விட்டு இறங்கியதும் அதே சொற்கள் வசையாக மாறிவிடுகின்றன. 'வேஷம் போடுறா', 'நடிக்காதையும்' என்கிறோம். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் நடப்பது பாசாங்கு. இல்லாத பெருமையைக் காட்டினால் பம்மாத்து. கணக்குச் சோதனை அன்று காலையில் வருகிற வயிற்றுக்குத்து, சாட்டு. இன்னொருவரின் பெயரில் சோதனை எழுதினாலோ வாக்குப் போட்டாலோ அது ஆள்மாறாட்டம், சட்டப்படி குற்றம். பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டை பார்ப்பதும், வாக்களிப்பு நிலையத்தில் விரலில் மை பூசுவதும் அதற்காகத்தான். இலங்கை மருத்துவ சபையில் பதிவில்லாமல் டொக்டர் என்று சொல்லி மருந்து கொடுப்பவர் போலி வைத்தியர். இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. செய்பவருக்குத் தாம் செய்வது தெரியும்.

தெரியாமலே நடப்பதற்கு எமது பேச்சில் தனிச்சொல் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் நேரம் ஒரு மாணவி திடீரென்று விழுகிறாள். கால் வழங்கவில்லை. ஸ்கான் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. உடனே விறாந்தையில் தீர்ப்பு வந்துவிடுகிறது: 'ஒண்டுமில்லை, சும்மா நடிக்கிறாள்.' வகுப்பறையிலும் வீட்டிலும் இதே தீர்ப்புத்தான்.

மருத்துவம் இங்கே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. லீவோ இழப்பீடோ பெறுவதற்காக அறிந்தே நோயைக் காட்டுவது ஒன்று. வேறு இலாபம் எதுவுமின்றி, நோயாளியாக இருப்பதற்காகவே அறிந்து நோயை உண்டாக்கிக்கொள்வது இரண்டாவது. இதன் கடுமையான வடிவத்துக்கு 1951இல் றிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில வைத்தியர், புழுகுக் கதைகளுக்குப் பேர்போன முன்ஹவுசன் பிரபுவின் பெயரைச் சூட்டினார். மூன்றாவது, நரம்பும் தசையும் பழுதடையாமல், மூளை உடலை இயக்கும் விதத்தில் மட்டும் கோளாறு ஏற்படுவது. இதில் நோயாளி எதையும் வேண்டுமென்று செய்வதில்லை.

1908இல் சார்ள்ஸ் ஹூவர் என்ற வைத்தியர் ஒரு பரிசோதனையை விவரித்தார். படுத்திருப்பவரிடம் வழங்காத காலின் குதியைக் கீழே அழுத்தச் சொன்னால் அழுத்த முடியாது. மற்றக் காலை எங்கள் கைக்கு எதிராக உயர்த்தச் சொன்னால், வழங்காத கால் தானாகவே கட்டிலை அழுத்தும். இதைக் 'கள்ளம் பிடிபட்டது' என்று எடுப்பது தவறு. காலுக்குப் போகும் பாதை திறந்திருக்கிறது, குணமாக இடமுண்டு என்பதே இதன் செய்தி. இன்று இதை நோயாளிக்கே காட்டி விளக்குகிறோம். அந்த விளக்கமும் இயன்மருத்துவப் பயிற்சியும் உளவள ஆதரவும் சேர்ந்தே சிகிச்சையாகின்றன. நடிக்கிறாள் என்ற பெயர் விழுந்த பிள்ளைக்கோ தன் வருத்தம் உண்மை என்று நிரூபிப்பதே வேலையாகிவிடுகிறது. குணமானாலும் 'அப்ப நடிச்சதுதானே' என்பார்கள்.

இந்த நிலை பெண்களிலேயே கூடுதலாகக் காணப்படுகிறது. முன்னர் இதற்கு வழங்கிய 'ஹிஸ்டீரியா' என்ற பெயரே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் தனது நோய்ப் பகுப்பிலிருந்து அப்பெயரை எடுத்துவிட்டது. எமது நாவிலிருந்து 'நடிப்பு' என்ற பெயர் இன்னும் போகவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நடிக்காமலே தன்னைப் போலி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 1978இல் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதை விவரித்தார்கள். நன்றாகப் படித்து உயர்ந்த பெண்கள் பலர், தம் வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்தது, ஒருநாள் பிடிபட்டுவிடுவோம் என்று உள்ளூர அஞ்சுவதைக் கண்டார்கள். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பெரிய மேசைகளுக்குப் பின்னால் இருக்கும் சகோதரிகளே, இது உங்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இராது. முதல் நாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு விடுதிக்குள் நுழைந்தபோது நாமும் டொக்டர் விளையாட்டு விளையாடுவதாகவே உணர்ந்தோம். பூவரசங்கம்பு பிடித்தவர்களில் எத்தனை பேர் உண்மையான ரீச்சர் ஆனார்கள் என்று இந்த மண்டபத்தைத் திரும்பிப் பாருங்கள். செய்து செய்து பழகி ஒரு பொறுப்புக்கு உரியவராவதைப் பாசாங்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதிபர் அவர்களிடமும் ஆசிரியைகளிடமும் தாய்மாரிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாலோ, கைகால் வழங்கவில்லை என்றாலோ, தீர்ப்புச் சொல்லாமல் வைத்தியரிடம் கொண்டுவாருங்கள். வலிப்பாகவும் இருக்கலாம், வேறு வருத்தமாகவும் இருக்கலாம். பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். சாட்டுத்தான் என்றாலும், அந்தச் சாட்டைத் தேடவைத்த பயம் ஒன்று இருக்கும். இவளுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று யோசிக்குமுன், பக்கத்தில் இருந்து, எமது ஊரில் வருத்தக்காரரிடம் கேட்கிற கேள்வியைக் கேளுங்கள்: 'பிள்ளை, உமக்கு என்ன செய்யுது?'

பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.