கடல் கடந்த கணினிக் கல்வியும் பட்டம் பெறும் நெறியும்

(நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள், அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் ஆங்கில வாயிலாகக் கற்பிக்கப்படும் கணினியியல் பி.எஸ்ஸி. பட்டத்திற்குரிய நிபந்தனைகள் யாவை என்பதாம். தமிழ்ப் பண்டிதர்க்கும் கணினிக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவலாம். கணினியை இயக்கும் முறையை யாம் கூற வந்தோமல்லோம். பட்டம் வழங்கும் விதிகளையே கூற வந்தோம். விதியை ஓதிப் பொருள் காண்டல் இலக்கணம் கற்றார்க்குப் பழகிய தொழிலேயன்றோ?

நம்மவர் இல்லங்களில், பிள்ளைக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது என்னும் செய்தி வந்த அன்றே கற்கண்டு வழங்குகின்றனர். அது மகிழத்தக்கதே. ஆயினும் இடம் பெறுதல் தேர்வடம் பிடித்தலை ஒக்கும். நான்கு வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வந்தாலன்றித் திருவிழா நிறைவுறாது. நிலை எங்கேயுள்ளது, வழியில் எத்தனை முடுக்குகள் உள்ளன என்பவற்றை அறியாமலே நம் வாலிபர் பலர் புறப்படுகின்றனர். அவர்தம் பெற்றோரும் அறியாதிருக்கின்றனர்.

எல்லா நாடுகளையும் ஒருங்கே கூறப்புகின் விரியும். ஆதலின் ஜெர்மனி தேசத்தை மட்டும் உதாரணமாகக் கொள்வோம். அங்கே பெரும்பாலான அரசாங்கக் கலாசாலைகள் போதனைச் சம்பளம் பெறுவதில்லை. அதுபற்றியே நம்மவர் பலர் அந்நாட்டை நாடுகின்றனர். முற்காலத்தில் அங்கே டிப்ளோம் என்னும் நெடும்படிப்பே வழங்கிற்று. 1999-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி இத்தாலியின் பொலோஞா நகரில் 29 ஐரோப்பிய நாடுகளின் கல்வி மந்திரிகள் கூடி, தங்கள் பட்டங்களை ஒத்த அமைப்புடையனவாக்க உடன்பட்டுக் கையொப்பமிட்டனர். அதன் பயனாகவே இன்றைய பி.எஸ்ஸி. பட்டம் அங்கே வேரூன்றியது.

இப்பட்டத்தின் அளவுகோல் யாதெனின், கிரெடிட் என்பதாம். மாணவன் வகுப்பிற் கேட்டல், வீட்டிற் பயிலல், கணக்குச் செய்தல், தேர்விற்கு ஆயத்தமாதல் ஆகிய அனைத்தையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு ஒரு கிரெடிட் எனப்படும். ஜெர்மனியில் பெரும்பாலும் 30 மணியே கணக்கு. ஒரு பருவத்திற்கு 30 கிரெடிட். ஆறு பருவங்களில் 180 கிரெடிட். 30 மணி வீதம் கூட்டினால் 5,400 மணி நேர உழைப்பாகும்.

ஈண்டு நாம் மனத்திற் பதிக்க வேண்டுவது ஒன்றுண்டு. தேர்ச்சி பெறாத பாடத்திற்குக் கிரெடிட் சிறிதும் இல்லை. நிரல் எழுதுவதில் முதல்வனாய் நிற்கும் மாணவன் கணிதத்திற் தவறினால், முன்னதன் மிகுதி பின்னதன் குறையை ஈடு செய்வதில்லை. 179 கிரெடிட் பெற்றவன் பட்டதாரி அல்லன். பட்டம் என்பது திறமைக்கு அளிக்கும் பரிசு என்று எண்ணுவோர் இங்கேதான் இடர்ப்படுகின்றனர். அது நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறியமைக்குத் தரும் சான்றேயாம்.

அந்நிபந்தனைகள் யாவை? முதலாவது கணிதம்: நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், தனிநிலைக் கணிதம், நிகழ்தகவு என்பன. இரண்டாவது கணினியியலின் அடிப்படை: நிரலாக்கம், கணிப்பு முறைகள், தரவுக் கட்டமைப்புகள், கணினியின் உள்ளமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு, கணிப்புக் கோட்பாடு முதலியன. மூன்றாவது, பலர் கூடி ஒரு மென்பொருளை இயற்றும் கூட்டுப்பணி. நான்காவது, ஒரு பொருளை ஆராய்ந்து அவைமுன் உரைக்கும் கருத்தரங்கு. ஐந்தாவது விருப்பப் பாடங்கள். ஆறாவது, இறுதி ஆய்வுரை.

கணினிப் படிப்பென்றால் கணினியின்முன் அமர்ந்திருத்தலே என்று கருதிச் செல்லும் பிள்ளைகளை, முதல் இரு பருவங்களிலேயே கணிதம் எதிர்த்து நிற்கின்றது. விடையைக் கண்டுபிடித்தல் மட்டும் அங்கே போதாது. அது சரியென்று படிப்படியாக நிறுவுதலும் வேண்டும்.

மதிப்பெண் முறையும் நம் முறைக்கு நேர்மாறானது. அங்கே 1.0 என்பது தலைசிறந்தது, 4.0 என்பது தேர்ச்சியின் கடை எல்லை, 5.0 என்பது தோல்வி. மகன் 1.3 பெற்றான் என்று கேட்டு வருந்திய தாயும், 4.0 என்று கேட்டுக் களித்த தந்தையும் நம்மிடையே இருக்கக்கூடும்!

இனிக் கூறப்போவது மிகவும் கவனிக்கத்தக்கது. பல கலாசாலைகளில் ஒரு தேர்விற் தவறினால் மேலும் இருமுறையே எழுத இடமுண்டு. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாம் முறையும் தவறினால், மாணவன் பெயர் அப்படிப்பினின்று நீக்கப்படும். அதன்பின் அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு கலாசாலையிற் தொடர்தலும் பெரும்பாலும் இயலாது. கல்வியின்பொருட்டு அளித்த தங்கும் அனுமதியும் அதனால் இடருறும். நம் ஊரில் எத்தனை ஆண்டு கழித்தும் நிலுவைப் பாடத்தை எழுதி முடிக்கலாம் என்று பழகிய மனம், இவ்விதியின் கடுமையை எளிதில் உணர்வதில்லை.

தேர்வெழுத விரும்புவோர் குறித்த நாட்களுக்குள் அதற்கெனத் தனியே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். வகுப்பிற்குத் தவறாது சென்றவனும் பதிவு செய்யாவிடின் தேர்வுக்கூடம் புகான். சில பாடங்களில், வாரந்தோறும் தரும் பயிற்சிக் கணக்குகளிற் குறித்த பங்கைச் செய்து முடித்தவர்க்கே தேர்வெழுதும் உரிமை உண்டு.

இறுதி ஆய்வுரைக்கு 6 முதல் 12 கிரெடிட் வரை உரியன. அதனைத் தானே இயற்றியதாகவும், பிறர் நூல்களிற் கொண்டவற்றைக் குறித்துள்ளதாகவும் மாணவன் கையொப்பமிட்டுத் தருதல் வேண்டும். பிறர் உழைப்பைத் தன்னதெனக் காட்டுதல் அங்கே பட்டத்தையே பறிக்கும் குற்றமாம். கணினியே எழுதித் தரும் உரைகள் மலிந்த இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

சர்வதேசப் படிப்பு எனப் பெயர் பெற்றவற்றுட் சில, ஒரு பருவத்தை வேற்று நாட்டிற் கழித்தலையோ, தொழிற்சாலைப் பயிற்சியையோ கட்டாயமாக்கும். சில, ஜெர்மன் மொழிப் பாடத்தையும் வேண்டும். வேற்று நாட்டிற் கற்கும் பாடங்கள் தன் கலாசாலையில் ஏற்கப்படுமோ என்பதைப் புறப்படுமுன் எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ளுதல் அறிவுடைமை.

மேற்கூறியன யாவும் பொது விதிகள். இலக்கண நூலிற் பொது விதியும் சிறப்பு விதியும் புறனடையும் இருத்தல்போல, ஒவ்வொரு கலாசாலையின் ஒவ்வொரு படிப்பிற்கும் தனியே ஒரு தேர்வு விதிநூல் உண்டு. மூன்று முறை என்பதற்கு மாறாக, இன்ன பருவத்திற்குள் இத்தனை கிரெடிட் பெறல் வேண்டும் என்று வரையறுப்பனவும் உள. அவ்விதிநூலே இறுதிப் பிரமாணம். நண்பர் கூறியதும் தரகர் கூறியதும் பிரமாணமாகா.

பொருட்செலவையும் எண்ணிப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், ஜெர்மனியிற் கற்கச் செல்வோர் ஓராண்டு வாழ்க்கைச் செலவிற்கென 11,904 யூரோ காட்ட வேண்டுமென்று விதித்தனர்; திங்களொன்றுக்கு 992 யூரோவாகும். அக்கணக்கின்படி ஒரு பருவம் தாழ்த்தாலே 5,952 யூரோ மிகையாகச் செலவாகும். நம் குடும்பங்களில் அது நிலத்தின்மீதோ நகையின்மீதோ வாங்கிய கடனாகவே இருக்கும்.

ஆதலின் மாணவர்களே, பயணப் பெட்டியைக் கட்டுமுன் விதிநூலைப் படியுங்கள். எந்தெந்தப் பாடம் எந்தெந்தப் பருவத்தில் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதன்முறை தவறியவுடனே ஆசிரியரையும் கலாசாலையின் ஆலோசனை நிலையத்தையும் நாடுங்கள். மூன்றாம் முறைவரை மறைத்து வைத்தல் நோயை முற்றவிட்டு மருத்துவரைத் தேடுதல் போலாம்.

பெற்றோர்களே, நீவிர் "எத்தனையாவது இடம்?" என்று கேளாது, "எத்தனை கிரெடிட் ஆயிற்று? எது எஞ்சியுள்ளது?" என்று கேளுங்கள். ஒரு தேர்விற் தவறினேன் என்று பிள்ளை தொலைபேசியில் உரைக்கும்போது சினந்து பேசாதீர்கள். சினந்தால் அடுத்த தோல்வி உங்கள் செவிக்கு எட்டாது. குலத்திற்குப் பழி வந்ததென அஞ்சும் அச்சமே பல பிள்ளைகளின் வாயை அடைக்கின்றது.

நம் சங்கத்தாரும் கல்வி நிதியை ஒருமுறை அளித்துக் கடமை முடிந்ததென்று அமைதல் கூடாது. பருவந்தோறும் பிள்ளையின் கிரெடிட் கணக்கைப் பரிவோடு கேட்டறிந்து, தளர்ந்தவர்க்கு முன்னே கற்று வந்தோரைத் துணையாகக் காட்டுதல் வேண்டும். கேட்பது தண்டித்தற்கன்று, தாங்குதற்கே என்பதைப் பிள்ளைகளும் உணர வேண்டும்.

வடம் பிடிக்கும் கைகள் பலவாயின் தேர் முடுக்கிலும் நில்லாது. நம் பிள்ளைகள் அனைவரும் தொடங்கிய கல்வியை முற்ற முடித்துப் பட்டத்தோடு திரும்புவாராக என வாழ்த்துகின்றோம்.