பெருநகரில் ஒரு நண்பர்

(அறக்கட்டளை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நட்பைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பள்ளிப் பருவ நட்பைப் பற்றிச் சொல்லப் பலர் உளர். பணியின் பொருட்டுச் சென்னைக்கு வந்து, 35 வயதையும் 50 வயதையும் கடந்து, இயல்பிலேயே மிகுதியாகப் பேசாதவராய், ஒரு புதிய நண்பரைத் தேடிக்கொள்ள இயலாமல் இருப்பவரைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். அத்தகையோர் இந்த அவையிலும் இருப்பர். பெரும்பாலும் கடைசி வரிசையில் இருப்பர்.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களில் நம் முன்னோர்க்கு நட்பைத் தேடும் தேவை எழவில்லை. ஒரே தெரு, ஒரே ஜினாலயம், ஒரே களத்துமேடு. பேசாதவரும் திண்ணையில் அமர்ந்திருந்தால் போதும். நட்பு அவரைத் தேடி வந்தது. நகரத்து அடுக்குமாடியில் திண்ணை இல்லை. அண்டை வீட்டு அழைப்பு மணியை அழுத்துவதற்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. பல இல்லங்களில் கணவருக்கு மனைவியும் மனைவிக்குக் கணவருமே ஒரே நண்பர். பிள்ளைகள் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ சென்றபின், இருவரில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், மற்றவர் நள்ளிரவில் யாரைத் தொலைபேசியில் அழைப்பார்? இவ்வினாவுக்கு விடையாக உறவினரல்லாத ஒரு பெயரேனும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அதற்கு வழி என்ன என்பதே இன்றைய பேச்சு.

முதலாவது, பேசாமை குறையன்று. உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலில் மனிதர்களை அகமுக இயல்பினர், புறமுக இயல்பினர் என இருவகைப்படுத்தினார். அகமுகம் என்பது அச்சமும் அன்று, செருக்கும் அன்று. இருபது பேர் கூடிய அறை அவர்களைக் களைப்படையச் செய்யும். ஒருவரோடு ஒருவராய் அமர்ந்து பேசினால் அவர்களே நெடுநேரம் பேசுவர். ஆகவே, "கூட்டத்தில் கலந்து பழகு" என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவது பயன் தராது. கூட்டம் வேறு, நட்பு வேறு.

இரண்டாவது, நட்பு வளர்வது நாவன்மையால் அன்று, அண்மையாலும் காலத்தாலும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் குடியிருப்பில் லியோன் பெஸ்டிங்கரும் மற்றிருவரும் நடத்திய ஆய்வு 1950இல் நூலாயிற்று. யார் யாருக்கு நண்பராயினர் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது வீட்டுக் கதவுகளுக்கு இடைப்பட்ட தூரமே என்று அவர்கள் கண்டனர். மாடிப்படியருகே குடியிருந்த கீழ்த்தளத்தார்க்கு மேல்தளத்தில் நண்பர்கள் மிகுதி. அவர்கள் நாவன்மை மிக்கவர்கள் அல்லர். வழியில் இருந்தவர்கள், அவ்வளவே.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் உடனிருக்க வேண்டும். நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலுவலகத்தில் அருகருகே அமர்ந்து பணிசெய்யும் நேரம் இக்கணக்கில் அவ்வளவாகச் சேர்வதில்லை. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கொரு விழாவில் மூன்று மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரம் நிறைய 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வாரந்தோறும் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 25 வாரங்களே போதும். "எவரோடும் மனம் ஒட்டவில்லை" என்று வருந்துவோர் பலர், உண்மையில் அந்த 50 மணி நேரத்தைக் கடக்காதவர்களே.

எனவே அகமுக இயல்பினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், கையில் ஒரு செயலோடு மீண்டும் மீண்டும் செல்லுங்கள். மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் காலை நடைப்பயிற்சி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் நாள்தோறும் அதே பெட்டி: இவை நகரத்தின் திண்ணைகள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பறவைகளைக் காணச் செல்வோரிடையே வாய்மூடி நிற்பதே முதல் தகுதி! முதல் மாதம் தலையசைப்பு, இரண்டாம் மாதம் வணக்கம், மூன்றாம் மாதம் பெயர். இந்த வேகமே போதும். நாலடியார் ஓர் அதிகாரத்துக்கு நட்பாராய்தல் என்றும், அடுத்ததற்கு நட்பிற் பிழை பொறுத்தல் என்றும் பெயரிட்டிருக்கிறது. ஆராய்வதற்கும் பொறுப்பதற்கும் காலம் வேண்டும்; மெல்லப் பழகுவோர்க்கு அது இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

மூன்றாவது, அழைப்பை எதிர்பார்த்திராமல் நீங்களே அழையுங்கள். அலுவலக நட்பு பெரும்பாலும் இரவு விருந்துகளில் வளர்கிறது. பொழுது சாய்ந்தபின் உண்ணாத நம்மவர் அங்கே செல்லத் தயங்குவர். சென்றாலும் தண்ணீர்க் குவளையோடு அமர்ந்திருப்பர். ஆனால் அழைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. நேரத்தையும் இடத்தையும் உணவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் அவரே தேர்ந்துகொள்ளலாம். "ஞாயிறு காலைச் சிற்றுண்டிக்கு நீங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்" என்ற ஒரு தொடர் போதும். நோன்பும் காக்கப்படும், கூட்டமும் இராது.

"அவருக்கு என்னைப் பிடித்திருக்குமா?" என்ற ஐயம் அப்போது எழும். எரிகா பூத்பியும் உடனாய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆறுதல் தருகிறது. முதன்முறை உரையாடியவர்கள், எதிரிலிருப்பவர் தம்மை உண்மையில் விரும்பிய அளவைக் காட்டிலும் குறைவாகவே விரும்பினார் என்று எண்ணிக்கொள்கின்றனர். அதே ஐயம் அவருக்கும் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இறுதியாக, பொறுப்பாளர்களுக்கும் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதியவர் ஒருவர் நம்மிடையே வந்தால், "எந்த ஊர்? யார் மகன்?" என்று கேட்கிறோம். அன்புள்ள கேள்விதான். ஆனால் அதற்கு விடை கிடைத்ததும் உறவுமுறையைக் கண்டுபிடித்து மகிழ்ந்து, அவரை அங்கேயே விட்டுவிட்டு அகன்றுவிடுகிறோம். அவரோ சுவரோரம் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உறவு தெரிந்தது, நட்பு தொடங்கவில்லை. இரண்டாவதாக ஒரு கேள்வியும் கேளுங்கள்: "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" அடுத்து, அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். பந்தியில் தண்ணீர் வார்க்கட்டும், இம்மலரை வாயிலில் நின்று வழங்கட்டும், கணக்கு எழுதட்டும். கையில் வேலையிருந்தால், பேசத் தயங்குபவர்க்கும் நிற்க ஓர் இடமும் நான்கு சொல் பேச ஒரு காரணமும் கிடைக்கும். ஆண்டு விழாவோடு நில்லாமல், மாதந்தோறும் ஐந்தாறு பேர் மட்டும் கூடும் சிறு வாசிப்பு வட்டங்களைப் பகுதிதோறும் அமைக்கலாம். அம்பத்தூரிலும் தாம்பரத்திலும் இருப்பவர்கள் நகரைக் கடந்து வரத் தேவையில்லை.

இன்று உணவுப் பந்திக்குச் செல்லும்போது, அறியாத ஒருவர் அருகில் அமர்ந்து உண்ணுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணைப் பெற்று, இந்த வாரத்திற்குள் ஒருமுறை அழையுங்கள். 50 மணி நேரத்தில் முதல் அரை மணி அங்கே தொடங்கட்டும்.