வீட்டிலிருந்தே வேலை: கூலி கொடுப்பவன் யார்?

(தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதி இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இருந்தபடியே தினமும் மூவாயிரம் சம்பாதிக்கலாம், படிப்பு தேவையில்லை, செல்போன் இருந்தால் போதும் என்று ஒரு செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். உங்களுக்கு வராவிட்டால் உங்கள் தங்கைக்கு வந்திருக்கும். பெரும்பாலும் அதில் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். சில சமயம் தி.நகர் முகவரியே இருக்கும்!

வெளியூர்க்காரர் அந்த முகவரியைப் பார்த்து மயங்கலாம். நமக்கு என்ன வந்தது? உஸ்மான் ரோடு நமக்கு நடக்கும் தூரம். (1934ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயர்தான் அந்தச் சாலைக்கு. இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது வேறு விஷயம்.) அந்தக் கதவு எண்ணுக்கு நேரில் போய் நில்லுங்கள். அங்கே அப்படி ஒரு கம்பெனி இருக்கிறதா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். அரை மணி நேர வேலை. ஆனால் யாரும் போவதில்லை. ஏன் போவதில்லை? முதல் நாளே 150 ரூபாய் வந்து விடுகிறதே, அதனால்தான்!

இந்த 150 ரூபாயைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அடையாறில் ஒரு சகோதரி என்று வைத்துக் கொள்வோம். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு இவருக்குக் கையில் நேரம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு 'மேடம்' வேலை கொடுக்கிறார். ஏதோ ஒரு ஊரில் உள்ள ஹோட்டலுக்கு கூகுள் வரைபடத்தில் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பியதும் 150 ரூபாய் வருகிறது. மறுநாள் 200. மூன்றாம் நாள் டெலிகிராம் குழுவில் சேர்க்கிறார்கள். அங்கே எழுபது எண்பது பேர், "இன்று எனக்கு இருபதாயிரம் வந்தது" என்று மகிழ்ச்சியாக எழுதிக் கொண்டிருக்கிறார்கள். அந்த எழுபது பேரில் பெரும்பாலோர் அதே கும்பலின் ஆட்கள் என்பது இவருக்குத் தெரியாது.

பிறகு 'முன்பணம் கட்டும் டாஸ்க்' வருகிறது. ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முன்னூறு. கட்டுகிறார், வருகிறது. ஐந்தாயிரம் கட்டுகிறார், வருகிறது. அடுத்து ஐம்பதாயிரம். இப்போது பணம் கைக்கு வருவதில்லை, ஓர் இணையதளத்தில் எண்ணாக மட்டும் ஏறுகிறது. எடுக்கப் போனால், "நீங்கள் ஒரு தவறு செய்து விட்டீர்கள், கணக்கு முடங்கி விட்டது, விடுவிக்க ஒரு லட்சம் கட்டுங்கள்" என்கிறார்கள். அதன்பின் வரி என்கிறார்கள், அபராதம் என்கிறார்கள். கையில் இருந்த நகை அடகுக் கடைக்குப் போகிறது. கணவருக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை!

சகோதரர்களே, இங்கே சற்று நிதானித்துப் பாருங்கள். அந்தச் சகோதரி முதல் நாள் செய்த வேலை என்ன? தான் தங்காத ஹோட்டலை நல்ல ஹோட்டல் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது: பொய்ச் சாட்சி! தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்ததையும் உள்ளே நனைந்ததையும் வைத்திருந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் குத்பாக்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அதே கைதானே இது? நல்ல நட்சத்திரத்தை மேலே வைத்து, உள்ளே இருப்பதை மறைக்கிற கை? 150 ரூபாய்தானே என்று நாம் அதைப் பொருட்படுத்தவில்லை. வேலை பொய்யாக இருக்கும்போது கூலி மட்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

இன்னொன்றும் கேளுங்கள். உழைத்தவனுக்குக் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். உழைப்பவனிடமே பணம் கேட்கிற முதலாளியை நீங்கள் எங்கே கண்டீர்கள்? ரங்கநாதன் தெருவில் வேலைக்குச் சேரும் பையனிடம் "முதலில் ஆயிரம் ரூபாய் கல்லாவில் போடு" என்று எந்த ஓனராவது சொல்வாரா? பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்தி விடுங்கள். டேட்டா என்ட்ரி என்று சொல்லி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, முடிக்க முடியாத அளவுக்கு வேலையைக் குவித்து, பிறகு "ஒப்பந்தத்தை மீறி விட்டீர்கள்" என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நோட்டீஸுக்குப் பயந்து பணம் கட்டாதீர்கள். நமக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

2023 டிசம்பரில் மத்திய உள்துறையின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், இத்தகைய டாஸ்க் மோசடியிலும் முதலீட்டு மோசடியிலும் ஈடுபட்ட 100க்கும் மேற்பட்ட இணையதளங்களைக் கண்டறிந்து முடக்க வைத்தது. அவற்றை இயக்கியவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள் ஆகியோரையே குறி வைத்தார்கள். 'வீட்டில் இருந்தபடியே வேலை' என்ற சொல்லையே பல மொழிகளில் விளம்பரம் செய்தார்கள். திரட்டிய பணம் கிரிப்டோ கரன்சியாகவும் வெளிநாட்டு ஏ.டி.எம். வழியாகவும் வெளியேறியது.

அப்படியானால் அந்தச் சகோதரிக்கு வந்த 150 ரூபாய் யாருடையது? கம்பெனி என்று ஒன்று இல்லை, லாபம் என்று ஒன்றும் இல்லை. அது இன்னொரு ஏமாளியின் பணம்! எங்கோ ஒரு ஊரில் அழுது கொண்டிருக்கிற வேறொரு சகோதரியின் பணம்.

கணக்கு வாடகைக்கு!

வியாபாரிகளே, இனி உங்களிடம் பேசுகிறேன். இந்தப் பணம் ஆகாயத்தில் பறந்து போவதில்லை. யாருடைய வங்கிக் கணக்கிலோ விழுந்து, சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளாகப் பிரிந்து போகிறது. மோசடிக்காரன் தன் பெயரில் கணக்கு வைக்க மாட்டான். அவனுக்கு நம் கணக்கு வேண்டும். அதிலும் கடை பெயரில் உள்ள கரண்ட் அக்கவுண்ட் என்றால் அவனுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் அதில் லட்சங்கள் புரண்டாலும் உடனே யாருக்கும் சந்தேகம் வராது. "பாய், உங்கள் அக்கவுண்டில் ஒரு லட்சம் வரும், இரண்டாயிரம் நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள்" என்று நன்கு பழகிய பையனே வந்து கேட்பான். கல்லூரி மாணவனிடம் ஏ.டி.எம். கார்டையும் சிம் கார்டையும் சேர்த்து ஐயாயிரத்துக்குக் கேட்பான். இதையும் 'வீட்டிலிருந்தே வேலை' என்றுதான் சொல்கிறார்கள்!

செல்போன் கடை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். முன்பின் தெரியாதவர் வந்து, "ஜிபேயில் பணம் அனுப்பச் சொல்கிறேன், ரொக்கமாகக் கொடுங்கள்" என்கிறார். அனுப்புவது அவர் அல்ல, வேறு யாரோ. ரொக்கத்தோடு அவர் போய் விடுவார். ஒரு வாரம் கழித்து, வேறு மாநிலப் போலீஸ் உத்தரவின் பேரில் உங்கள் கணக்கு முடங்கி நிற்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106வது பிரிவின் கீழ் அவர்கள் அப்படிச் செய்கிறார்கள். சரக்குக்குச் செக் கொடுத்திருப்பீர்கள், அது திரும்பி வரும். பில் உள்ள வியாபாரத்துக்கு வந்த பணம் என்றால் பில்லைக் காட்டிப் போராடலாம். கமிஷனுக்கு என்ன பில் காட்டுவீர்கள்?

நம் பெயருள்ள ஒரு கணக்கு சிக்கினால் மறுநாள் செய்தியில் என்னென்ன சேர்த்து எழுதுவார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றமற்றவன் என்று தீர்ப்பு வரும்போது அந்தச் செய்தியாளர் வர மாட்டார்.

வேலைக்கு என்று விமானம் ஏற்றி அழைத்துப் போகிற கும்பலும் உண்டு. பாங்காக் நமக்குப் புதிய ஊர் அல்ல. கீழக்கரை, காயல்பட்டினம் மக்கள் ரத்தின வியாபாரத்துக்குப் போய் வந்த ஊர். அதனாலேயே பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்றால் நம் வீடுகளில் யோசிக்காமல் அனுப்பி விடுவார்கள். இறங்கியதும் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டு போய், இதே மோசடியை அடுத்தவருக்குச் செய்யச் சொல்லி அடிக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவுத்துறை இதைப் பற்றி எச்சரித்தது. அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து இந்திய விமானப்படை விமானங்களில் திரும்பியவர்கள் 549 பேர்! உங்களுக்கு நட்சத்திரம் போடச் சொல்லி அனுப்புகிற அந்த 'மேடம்' அடி வாங்கிக் கொண்டிருக்கிற ஒரு பட்டதாரிப் பையனாகவும் இருக்கலாம்.

ஏமாந்து விட்டால் என்ன செய்வது? வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் கணக்குகளுக்குள் ஓடிக் கொண்டிருக்கும்போதே சொன்னால் வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் கழித்துச் சொன்னால் அது நாட்டை விட்டே போயிருக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று அடுத்து ஒருவன் வருவான். அவனும் அதே கும்பல்தான்.

கார்டை யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கும் தம்பிகள் நாளை காலை வங்கி திறந்ததும் போய் கார்டை முடக்கி, எழுத்து மூலம் மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் நம் சகோதரர்கள் இருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள், கூட வருவார்கள். போனில் உள்ள உரையாடல் எதையும் அழித்து விடாதீர்கள், அப்படியே எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.