முற்றத்துச் சிற்றுயிர்கள்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயச் சங்கத்து விழாவிலே பூச்சிகளைப் பற்றிப் பேச வந்து நிற்கிறானே இவன் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையோடு கேட்பீர்களாயின், இது நமது சமயத்துக்குப் புறம்பான விஷயமன்று என்பது விளங்கும்.

சென்ற சித்திரை மாதத்து இரவொன்றிலே வீட்டு விறாந்தையில் மின்விளக்கின் கீழிருந்து படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் சென்ற பின்னரே ஒரு குறை எனக்குப் புலப்பட்டது. புத்தகத்தின் மேல் ஒரு பூச்சியாவது வந்து விழவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரமின்றி நாம் கழித்த ஆண்டுகளை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கிலே படித்தோம். அந்தச் சிறு சுடரைத் தேடியும் விட்டில்கள் வந்து மொய்த்தன. காலையிலே கொப்பியை விரித்தால் சிறகுகள் ஒட்டிக்கிடக்கும். வேலியோரமெங்கும் மின்மினி பறக்கும். அந்த இருட்காலம் மீண்டும் வரவேண்டுமென்று நான் ஒருபோதும் விரும்பேன். ஆயினும் அன்று அழையாமலே வந்த உயிர்கள், இன்று விளக்கு ஏற்றி வைத்தாலும் வருவதில்லையே என்ற கவலை அன்றிரவு என்னைப் பற்றிக்கொண்டது.

"அந்தக் காலத்தில் எல்லாம் நிறைய இருந்தது என்பது வயது சென்றோர் வழக்கம், உமது ஞாபகத்தை எப்படி நம்புவது?" என்று வாலிபர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒருவனுடைய ஞாபகம் அளவுகோலாகாது. அளந்து பார்த்தவர்கள் உளரோ எனில், உளர்.

ஜேர்மனியிலே கிறேபெல்ட் என்னும் நகரில் 1905ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பூச்சியியற் சங்கம் ஒன்றுண்டு. அதன் அங்கத்தவர்களிற் பெரும்பாலார் பூச்சியாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவரல்லர்; ஓய்வு நேரத்திலே ஆர்வத்தினாற் கூடியவர்கள். 1989 முதல் 2016 வரை, 63 பாதுகாக்கப்பட்ட இடங்களிலே, கூடாரம் போன்ற வலைப்பொறிகளை நாட்டி, அகப்பட்ட பறக்கும் பூச்சிகளைப் போத்தல்களிற் சேர்த்து நிறுத்துக் குறித்து வைத்தார்கள். 2017இல் அக்கணக்கு வெளியானபோது உலகம் திடுக்கிட்டது. 27 ஆண்டுகளிலே பூச்சிகளின் மொத்த நிறை நூற்றுக்கு 75 பங்குக்கு மேற் குறைந்திருந்தது. நடுக் கோடையிலே குறைவு இன்னும் அதிகம்; நூற்றுக்கு 82 பங்கு. அவை தோட்டங்களல்ல, இயற்கைக்கென்று காத்து வைத்த இடங்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

எல்லாவிடத்தும் இவ்வாறே என்று கூறுவதும் பிழையாகும். பல நாட்டுக் கணக்குகளை ஒன்றுசேர்த்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தரைவாழ் பூச்சிகள் பத்து ஆண்டுக்கு நூற்றுக்கு 9 பங்களவிற் குறைந்து வருவதையும், நன்னீர்ப் பூச்சிகள் ஏறத்தாழ 11 பங்கு பெருகி வந்திருப்பதையும் காட்டிற்று. அழுக்கடைந்த ஆறுகளைச் சுத்தஞ் செய்தமை அதற்கு ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கெடுத்த மனிதனே திருத்தவும் வல்லன் என்பது இதனாற் பெறப்படும். ஆனால் இக்கணக்குகளிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. நம் போன்ற நாடுகளிலே எண்ணி எழுதி வைத்தோர் மிகச் சிலரே.

பூச்சிகள் குறைவதற்கு ஆராய்ச்சியாளர் கூறுங் காரணங்கள் பல. அவற்றுள் நமது கிராமத்திலே கண்ணாற் காணத்தக்கன மூன்று.

முதலாவது நஞ்சு. நஞ்சினால் நன்மையே விளையவில்லை என்று சொல்வது நன்றிகேடாகும். 1934-35இல் மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டிலே பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. 1940களின் நடுப்பகுதியிலிருந்து வீடு வீடாக டி.டி.ரி. தெளித்ததனால் 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. ஆயினும் சில ஆண்டுகளிலே நோய் மீண்டும் பெருகிற்று. நாளடைவில் நுளம்பும் அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. இன்று வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நாம் தெளிக்கும் மருந்தும் இப்படியே. பயிரைத் தின்னும் புழு மருந்துக்குப் பழகிவிடும்; அப்புழுவைத் தின்னும் குளவியும், நுளம்புக் குடம்பியைத் தின்னும் தும்பியின் குஞ்சும் மடிந்துபோகும்.

இரண்டாவது வேலி. கிளுவையும் பூவரசும் நின்ற கதியால் வேலி, பூச்சிக்கும் ஓணானுக்கும் குருவிக்கும் மாளிகையாக இருந்தது. இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில் எழுகின்றது. மதிலிலே எந்த உயிர் முட்டையிடும்?

மூன்றாவது ஒளி. மின்மினி தன் துணையை ஒளிகாட்டியே அழைக்கின்றது. விடிய விடிய வெள்ளொளி வீசும் முற்றத்திலே அதன் அழைப்பு யார் கண்ணிற் படும்?

பூச்சி குறைந்தால் நமக்கென்ன, தொல்லை குறைந்தது என்பாரும் உளர். நுளம்புத் தொல்லை குறையவில்லை என்பதை டெங்குக் காய்ச்சல் ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுகின்றது. குறைபவை நமக்கு உழைப்பவை. பூசணியிலே ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். அயலிலே ஓர் அம்மா இப்போது விடியற்காலையில் எழுந்து, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவிலே தன் கையாற் தடவுகின்றார். தேனீ கூலியின்றிச் செய்த வேலையை எழுபது வயதிலே அவர் செய்கின்றார். சிட்டுக்குருவி தானியந் தின்பதாயினும், தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சியையே ஊட்டும்.

இனிச் சமயத்துக்கு வருவோம். தேவர்கள் எறும்புருக் கொண்டு வழிபட்ட தலம் திருவெறும்பூர். அகத்திய முனிவர் ஈ வடிவிலே சென்று தரிசித்த மலை திருவீங்கோய்மலை. சிவபுராணத்திலே உயிர் எடுக்கும் பிறவிகளைச் சொல்ல வந்த மணிவாசகர் புழுவையும் ஒரு பிறவியாக வைத்தார். நமது பெரியோர் சிற்றுயிரைச் சிறுமையாக எண்ணியதில்லை.

இன்னும் ஒன்று கேளுங்கள். சிவபெருமானுக்கு உகந்தவை என்று நாம் போற்றும் எருக்கலையையும் வில்வத்தையும் கொன்றையையும் எடுத்துக்கொள்வோம். செம்மஞ்சள் நிறச் சிறகும் கருங்கரையும் உடைய வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கலை இலையைத் தின்று வளர்வது. கருமையும் வெளிர்மஞ்சளும் கலந்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு வில்வ இலையையும் உண்ணும். கொன்றை இலையிலே வளர்வது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. பங்குனி, சித்திரையிலே கூட்டங் கூட்டமாகப் பறந்து சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்று நாட்டார் சொல்லும் பூச்சிகளுள் இதுவும் ஒன்று. ஆகவே கோயில் நந்தவனம் என்பது சுவாமிக்குப் பூவும், அவன் படைத்த உயிருக்கு உணவும் கொடுக்கும் இடமாகும்.

அந்த நந்தவனத்துக்கு நாம் என்ன செய்தோம்? இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கின்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கொடியேற்றத்துக்குச் சில நாள் இருக்கையில், கையாற் புல்லுப் பிடுங்க ஆளில்லை என்று களைநாசினி தெளிக்கும்படி யோசனை கூறியவன் நானே. ஒரே நாளில் வேலை முடிந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். வேலியோரத்து எருக்கலையும் கருகிற்று. அதன் பின் அந்தச் செம்மஞ்சட் பூச்சியை நான் அங்கே கண்டதில்லை. பூசை செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே பல உயிருக்கு அன்னத்தைத் தடுத்தேன்.

இப்போது மேற்கு வேலியைப் பிடுங்கி மதில் கட்டுவதற்கு நமது சங்கம் பணஞ் சேர்க்கின்றது. மனமுவந்து பணந் தந்த அன்பர்களின் பத்தியை நான் குறைகூறவில்லை. ஆயினும் அவர்களிடமும் செயற்குழுவிடமும் பணிவாக வேண்டுகின்றேன்: மதிலை நிறுத்தி, அப்பணத்திலே கதியால் நாட்டிக் கிளுவை வேலியைப் புதுப்பியுங்கள், ஓரத்திலே எருக்கலையும் வில்வமும் கொன்றையும் வையுங்கள். நந்தவனத்திலே இனி நஞ்சு தெளிப்பதில்லை என்று தீர்மானஞ் செய்யுங்கள். புல்லுப் பிடுங்கும் சிரமதானத்துக்கு முதலாவதாக எனது பெயரை எழுதுங்கள். அர்த்தசாமப் பூசை முடிந்ததும் வெளிவீதி விளக்குகளிற் பாதியை அணைத்தாற் சுவாமி கோபியார்; மின்கட்டணமும் குறையும்.

வாலிபர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நிலவொளியிலே விளக்கை நாடிவரும் விட்டில் குறைவு. ஆதலால் அமாவாசை இரவே எண்ணுவதற்கு ஏற்றது. மாதந்தோறும் அன்றிரவு, நந்தவனத்திலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்முன் ஒரே வகை விளக்கை அரை மணி நேரம் ஏற்றி, வந்தமரும் பூச்சிகளை எண்ணுங்கள். ஒன்றையும் கொல்ல வேண்டாம். எண்ணியதைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒன்றும் வராவிட்டால் அதையும் எழுதுங்கள். கிறேபெல்ட் நகரத்தார் செய்ததும் ஏறக்குறைய இவ்வளவே. இருபத்தேழு ஆண்டு விடாமற் செய்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கொப்பியின் முதற் கணக்கை அடுத்த ஆண்டு மலரிலே அச்சிடுமாறு பத்திராதிபரைக் கேட்டுக்கொள்கிறேன். அப்போதுதான் நமது பேரப்பிள்ளைகள், "அந்தக் காலத்தில் நிறைய இருந்தது" என்ற கிழவர் பேச்சை மட்டும் நம்பியிருக்க வேண்டி வராது. எவ்வளவு இருந்தது, எவ்வளவு மீண்டது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.